பேங்க் பொளிஞ்சா யார் தருவார்?

பி.காம் பாடத்தில் 1949-ம் வருட வங்கிச் சட்டம் என்று ஒன்று வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்வோம், அப்புறம் மறந்துவிடுவோம். ஆனால் அதன் பின்னால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது.

எங்கள் திருவட்டாறு 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. 1937-ல் அங்கே இரண்டு வங்கிகள் இணைந்து 'திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி' உருவானது. அன்றைய இந்தியாவின் பெரிய வங்கிகளில் அதுவும் ஒன்று. மறு வருடமே, 1938 ஜூனில், பணம் கொடுக்க முடியாமல் கதவை மூடியது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்தான் அரசியல் பகையால் கவிழ்த்தார் என்று ஒரு சாரார். நிர்வாகம் சரியில்லை என்று இன்னொரு சாரார். எது உண்மையானாலும் பணம் போட்டவர்கள்தான் தவித்தார்கள்.

ரிசர்வ் வங்கி தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். மற்ற வங்கிகளைக் கட்டுப்படுத்த அதற்குப் போதிய அதிகாரம் கிடையாது. 1939-லேயே தனிச் சட்டம் வேண்டும் என்று அது யோசனை சொன்னது. உலகப்போர் வந்து தள்ளிப்போய், 1949-ல்தான் சட்டம் வந்தது. கிளை திறக்க அனுமதி, கணக்குகளைச் சோதிக்கும் அதிகாரம் எல்லாம் அதில் இருந்தன.

ஆனாலும் 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கியது. சோதிக்க ஆள் இருந்தது, டெபாசிட்டுக்குப் பாதுகாப்பு இல்லை! அதன் பிறகுதான் நலிந்த வங்கியை நல்ல வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடும் வந்தது. முதலில் 1,500 ரூபாய் வரைதான். 1993-ல் அது 1 லட்சமாகி, 27 வருடம் அசையவில்லை. 2019-ல் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கி மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, 2020-ல் 5 லட்சமானது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் யாரோ பணத்தை இழந்த பிறகுதான் சட்டம் விழிக்கிறது.

என் பாட்டிக்கு இன்றும் சீட்டில்தான் நம்பிக்கை. "பேங்க் பொளிஞ்சா ஆரு மக்ளே தருவா?" என்பார். வங்கி என்றால் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு தரும் பாட்டி. சீட்டு பொளிஞ்சா அந்தக் காப்பீடு கிடையாது. இதை இன்னும் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. நீங்களாவது உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.