வெளிநாட்டில் பைக் ஓட்ட எந்த உரிமம் தேவை? சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறும் முறையும் விதிகளும்

மும்பை: தாய்லாந்து, வியத்நாம், இலங்கை போன்ற நாடுகளுக்குச் சுற்றுலா செல்லும் இந்தியர்களில் பலர், அங்கு ஸ்கூட்டரையோ மோட்டார் சைக்கிளையோ வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றிப் பார்க்கின்றனர். வாடகைக் கடைகளில் உரிமத்தைச் சரிபார்க்காமலேயே வாகனத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. விபத்தில் சிக்கி, சிகிச்சைச் செலவுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தை அணுகும்போதுதான், அந்த வாகனத்தை ஓட்டத் தங்களுக்குச் சட்டப்படி தகுதி இல்லை என்பது சிலருக்குத் தெரியவருகிறது. வெளிநாடுகளில் இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கான விதிகளையும், மும்பையின் பாண்டுப் போன்ற கிழக்குப் புறநகர்ப் பகுதிகளில் வசிப்போர் சர்வதேச அனுமதி பெறும் வழிமுறையையும் இங்கே காணலாம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது என்ன?

இது தனியான ஓட்டுநர் உரிமம் அல்ல. இந்தியாவில் பெற்ற உரிமத்தைப் பிற நாட்டு அதிகாரிகள் புரிந்துகொள்ளும் வகையில் வழங்கப்படும் துணை ஆவணம் மட்டுமே. எனவே, வாகனம் ஓட்டும்போது இந்திய உரிமத்தின் அசலையும் உடன் வைத்திருப்பது அவசியம்.

1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்பாட்டின் அடிப்படையில் இந்தியா இந்த அனுமதியை வழங்குகிறது. இது ஓராண்டு அல்லது மூல உரிமம் காலாவதியாகும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை செல்லும். மாநிலத்துக்கு மாநிலம் இதன் வடிவம் வேறுபட்டதால் வெளிநாடுகளில் சிக்கல்கள் எழுந்தன. இதையடுத்து, 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் நாடு முழுவதற்கும் ஒரே வடிவத்தை அறிவித்தது. மூல உரிமத்துடன் அனுமதியை இணைக்கும் கியூஆர் குறியீடும் அதில் சேர்க்கப்பட்டது.

'ஏ' பிரிவு ஏன் முக்கியம்?

ஜெனீவா உடன்பாட்டின்படி வாகனங்கள் 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 'ஏ' பிரிவு மோட்டார் சைக்கிள்களுக்கும், 'பி' பிரிவு கார்களுக்கும் உரியது. மூல உரிமத்தில் எந்த வகை வாகனங்கள் குறிப்பிடப்பட்டுள்ளனவோ, அவற்றுக்கு மட்டுமே சர்வதேச அனுமதி கிடைக்கும்.

இந்திய உரிமத்தில் கார் போன்ற இலகுரக வாகனங்கள் 'எல்எம்வி' என்றும், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் 'எம்சிடபிள்யூஜி' என்றும், கியர் இல்லாதவை 'எம்சிடபிள்யூஓஜி' என்றும் குறிக்கப்படுகின்றன. 'எல்எம்வி' மட்டும் உள்ளவருக்கு 'ஏ' பிரிவு கிடைக்காது. அவர் வெளிநாட்டில் ஸ்கூட்டர் ஓட்டினால், உரிமம் இன்றி ஓட்டியதாகவே கருதப்படுவார். கியர் இல்லாத வாகனத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவர், கியர் உள்ள மோட்டார் சைக்கிளை வெளிநாட்டில் ஓட்டுவதும் இதே சிக்கலில் முடியக்கூடும்.

உரிமத்தில் இருசக்கர வாகனத்தைச் சேர்க்க விரும்புவோர் முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். 30 நாள்களுக்குப் பிறகே ஓட்டுநர் தேர்வில் கலந்துகொள்ள முடியும். பழகுநர் உரிமத்தின் பேரில் சர்வதேச அனுமதி வழங்கப்படுவதில்லை. எனவே, பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே இப்பணியைத் தொடங்குவது நல்லது.

பாண்டுப் பகுதியினர் எங்கே விண்ணப்பிக்கலாம்?

மும்பையில் தார்தேவ், அந்தேரி, வடாலா, போரிவிலி ஆகிய இடங்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் (ஆர்டிஓ) உள்ளன. பாண்டுப், முலுண்ட், காட்கோபர், செம்பூர் உள்ளிட்ட கிழக்குப் புறநகர்ப் பகுதிகள், 'எம்எச்-03' என்ற பதிவு எண்ணைக் கொண்ட வடாலா அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் உள்ள 'சாரதி' சேவையில் மகாராஷ்டிரத்தைத் தேர்வுசெய்து, '4ஏ' படிவம் வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களும் புகைப்படமும் தேவைப்படும். மத்திய விதிகளின்படி இதற்கான கட்டணம் ரூ.1,000. இத்துடன் சேவைக் கட்டணமும் சேரக்கூடும். செல்லத்தக்க உரிமம் வைத்திருப்போர் தனியே மருத்துவச் சான்று அளிக்கத் தேவையில்லை என்றும், விசா கிடைப்பதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்றும் 2021 ஜனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டன.

தமிழ்நாட்டில் உரிமம் பெற்று மும்பையில் குடியேறியவர்கள், உரிமத்தில் உள்ள முகவரியை முதலில் மாற்றிக்கொள்வது உசிதம். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்போர், அதன் விவரங்கள் 'சாரதி' தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த நாட்டில் செல்லும்?

எல்லா நாடுகளும் ஒரே உடன்பாட்டைப் பின்பற்றுவதில்லை. 1949 ஜெனீவா உடன்பாட்டைப் போலவே 1968-இல் உருவான வியன்னா உடன்பாடும் நடைமுறையில் உள்ளது.

* தாய்லாந்து: ஜெனீவா உடன்பாட்டு நாடு என்பதால் இந்திய அனுமதி செல்லும். ஆனால், மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ' பிரிவு கட்டாயம்.

* ஜப்பான்: ஜெனீவா உடன்பாட்டின்படியான அனுமதியை மட்டுமே ஏற்கிறது. எனவே இந்திய அனுமதி செல்லும்.

* வியத்நாம்: வியன்னா உடன்பாட்டின்படியான அனுமதியையே ஏற்பதால், இந்தியாவின் அனுமதி போதுமானதல்ல. சுற்றுலாப் பயணிகள் அதிகம் சிக்கலுக்கு உள்ளாகும் நாடுகளில் இதுவும் ஒன்று.

* சீனா: பெருநிலப் பகுதியில் எந்தச் சர்வதேச அனுமதியும் ஏற்கப்படுவதில்லை. உள்ளூர் உரிமம் தேவை.

* இலங்கை: சர்வதேச அனுமதி இருந்தாலும் உள்ளூர் ஒப்புதல் பெற வேண்டும் என்பது நடைமுறை. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டினருக்குத் தற்காலிக உரிமம் வழங்கும் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த உரிமத்தில் மோட்டார் சைக்கிள் அடங்குமா என்பதைக் கேட்டறிந்த பிறகே வாகனத்தை எடுக்க வேண்டும்.

* பிரிட்டன்: சுற்றுலாப் பயணிகள் தங்கள் உரிமத்தில் குறிப்பிடப்பட்டுள்ள சிறிய வாகனங்களை 12 மாதங்கள் வரை ஓட்டலாம். அதில் மோட்டார் சைக்கிளும் அடங்கும்.

வேலைக்குச் செல்வோர் கவனத்துக்கு

சர்வதேச அனுமதி தற்காலிகப் பயணிகளுக்கானது, குடியிருப்போருக்கானது அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்ற இந்தியர்கள் அந்நாட்டு உரிமத்தைப் பெற வேண்டும். சிங்கப்பூரில் 12 மாதங்களுக்கு மேல் தங்குவோருக்கு உள்ளூர் உரிமம் தேவை. உணவு விநியோகம் போன்ற பணிகளுக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டச் செல்வோர், இந்திய உரிமத்தையும் சர்வதேச அனுமதியையும் மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. உள்ளூர் உரிமத்துக்கான செலவை யார் ஏற்பது என்பதைப் பணி ஒப்பந்தத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

காப்பீடு எப்போது கைவிடும்?

பயணக் காப்பீட்டுத் திட்டங்களில் இருசக்கர வாகன விபத்துக்குப் பொதுவாகச் சில நிபந்தனைகள் இருக்கும். ஓட்டியவரிடம் அந்நாட்டில் செல்லத்தக்க உரிமம் இருந்ததா, தலைக்கவசம் அணிந்திருந்தாரா, மது அருந்தியிருந்தாரா என்பவை ஆராயப்படும். குறிப்பிட்ட எஞ்சின் திறனுக்கு மேற்பட்ட வாகனங்களை விலக்கிவைக்கும் திட்டங்களும் உள்ளன. இழப்பீடு மறுக்கப்பட்டால், அறுவைச் சிகிச்சை முதல் நோயாளியைத் தாயகம் அழைத்து வருவது வரையிலான முழுச் செலவும் குடும்பத்தின் மீது விழும். தாய்லாந்தில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பெரும்பான்மையினர் இருசக்கர வாகனத்தில் செல்வோர் என்பதையும் பயணிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

சொந்த வாகனத்தில் செல்ல

சொந்த மோட்டார் சைக்கிளில் நாடு கடந்து செல்வோருக்கு, ஓட்டுநர் உரிமத்துடன் வாகனத்துக்கான சுங்க ஆவணமும் தேவை. வாகனத்தை அங்கேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டு செல்வதற்கான உத்தரவாதமாகப் பல நாடுகள் 'கார்னே' என்ற ஆவணத்தைக் கேட்கின்றன. மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. நேபாளத்துக்குச் செல்லும் இந்திய வாகனங்கள், எல்லையில் 'பன்சார்' எனப்படும் சுங்கக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும்.

இதேபோல், சொந்த வாகனத்துடன் இந்தியா வரும் வெளிநாட்டினருக்கு 2022-இல் தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் அல்லது சர்வதேச அனுமதி, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவற்றை அவர்கள் வைத்திருக்க வேண்டும். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இல்லையெனில், அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் தேவை.

போலி அனுமதிகள்

'பத்து ஆண்டுகள் செல்லத்தக்க சர்வதேச உரிமம்' என்று விளம்பரம் செய்யும் இணையதளங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜெனீவா உடன்பாட்டின்படியான அனுமதி ஓராண்டுக்கு மேல் செல்லாது. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வாயிலாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் வசதி 2021 முதல் உள்ளது.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

* இந்திய உரிமத்தில் இருசக்கர வாகனம் சேர்க்கப்பட்டுள்ளதா?

* சர்வதேச அனுமதியில் 'ஏ' பிரிவு உள்ளதா? பயணம் முடியும் நாள் வரை அது செல்லுமா?

* செல்லும் நாடு இந்தியாவின் அனுமதியை ஏற்கிறதா? இதை அந்நாட்டுத் தூதரகத்திடம் உறுதிசெய்துகொள்ளலாம்.

* பயணக் காப்பீட்டில் இருசக்கர வாகன விபத்து சேர்க்கப்பட்டுள்ளதா?

* வாடகைக் கடையில் கடவுச்சீட்டின் அசலை அடமானமாகக் கேட்டால், அதன் நகலையோ முன்பணத்தையோ ஏற்கும் வேறு கடையை நாடுவது பாதுகாப்பானது.