இந்திய வாயிலும் கல்லில் நின்ற பெயர்களும்

புதுதில்லியில் 'இந்தியா கேட்' என்று இன்று வழங்கும் மாபெரும் வளைவு, எழுந்த காலத்தில் அனைத்திந்தியப் போர் நினைவுச் சின்னம் என்னும் பெயரால் சுட்டப்பெற்றது. வாயில் என்னும் பெயர் நிலைத்த பின்னர், அஃது இறந்தோர்க்கு எடுத்த கல் என்னும் கருத்து மங்கலாயிற்று. காண்போர் பலர் அதனை நாட்டுப் பெருமையின் அடையாளமாகக் கொள்கின்றனர். விடுதலைப் போரில் உயிர் நீத்தோர் பெயர்களே அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன என்று நம்புவோரும் உளர். அக்கல் யார் பொருட்டு எடுக்கப்பெற்றது, அதனைச் சூழ்ந்த குறியீடுகள் எவ்வாறு மாறின, மாறாது நின்றது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் தில்லியில் நிகழ்ந்த தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாற்றப்பெறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். பின்னர் எழுந்த புதுநகரின் பெருவீதியில், அரசப் பிரதிநிதியின் மாளிகைக்கு நேர் எதிரே இவ்வளைவு அமைந்தது. இதனை வகுத்தவர் எட்வின் லட்யன்ஸ். 1921 பிப்ரவரி 10-ஆம் நாள் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் இர்வின் பிரபு திறந்து வைத்தார். வளைவின் உயரம் 42 மீட்டர். அதன் உச்சியில் 'இந்தியா' என்னும் சொல்லும், இருமருங்கும் உரோம எண்களில் 1914, 1919 என்னும் ஆண்டுகளும் உள்ளன. 1914 முதல் 1921 வரை மாண்ட 70,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர்க்கு இது பொது நினைவாகும்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது வளைவின் மேற்பகுதியிலுள்ள ஆங்கிலப் பொறிப்பு. அஃது இறந்தோரை இருவகைப்படுத்துகின்றது. பிரான்சு, பிளாண்டர்சு, மெசபொத்தேமியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, கல்லிப்போலி முதலிய அயல் நிலங்களில் வீழ்ந்து சிறப்பிக்கப்பெறுவோர் ஒருவகையினர். இந்தியாவிலும் வடமேற்கு எல்லையிலும் மூன்றாம் ஆப்கானியப் போரிலும் வீழ்ந்து, இக்கல்லிலேயே பெயர் பொறிக்கப்பெற்றோர் மற்றொரு வகையினர். எனவே, சுவர்களில் காணும் ஏறத்தாழ 13,300 பெயர்களும் இரண்டாம் வகையினர்க்கே உரியன. அவருள் பெரும்பாலோர்க்கு அறியப்பட்ட புதைகுழி இல்லை. ஆயிரவர்க்குச் சற்று மேற்பட்டோர் சிந்து ஆற்றின் மேற்கே, பேணுதற்கு இயலாதுபோன இடுகாடுகளில் கிடப்பவர். முதல் வகையினருள் மிகப் பலருடைய பெயர்களைப் பிரான்சின் நவ் சப்பேல் முதலிய இடங்களில் எழுந்த நினைவுக் கற்களில் தேடுதல் வேண்டும். 1914 நவம்பரில் தாங்காவில் போரிட்டு மாண்ட 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையினர், தில்லிக் கல்லில் 'கிழக்கு ஆப்பிரிக்கா' என்னும் இடப்பெயருள் அடங்குகின்றனர்.

ஆகவே, எழுபதினாயிரவர் பெயரும் வளைவில் உள்ளன என்னும் கூற்றையும், அவை விடுதலை வீரர் பெயர்கள் என்னும் கூற்றையும் அப்பொறிப்பே மறுக்கின்றது. அங்குப் பெயர் பெற்றோர் ஆங்கிலப் பேரரசின் படையில் பணிபுரிந்து மாண்டவர். அவருள் ஆங்கிலேயரும் உளர். இவ்வுண்மை அவர்தம் இறப்பின் துயரைக் குறைப்பதன்று. அவர் செய்யாத செயலை அவர்மேல் ஏற்றிப் போற்றுவது, அவரை மறத்தலின் வேறொரு வகையே ஆகும்.

போரில் வீழ்ந்தார்க்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல், காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் வேந்தனது ஆட்சியாண்டு முன்னும், வீரன் பெயரும் அவன் பட்ட செய்தியும் பின்னும் வருகின்றன. வேந்தன் பெயர் காலங்காட்டும் அளவில் நிற்க, உருவமும் வழிபாடும் வீரனுக்கே உரியவாகின்றன. தில்லி வளைவு இம்மரபின் வழிவந்ததன்று. மேலைநாட்டு வளைவு மரபினது. ஆயினும், இரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கால் ஒரு வேறுபாடு தெளிவாகும். தில்லியில் வீரர்க்குப் பெயர் கிடைத்தது. வேந்தனுக்கே உருவம் கிடைத்தது. 1936-இல் வளைவின் கிழக்கேயுள்ள மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பளிங்குச் சிலை நிறுவப்பெற்றது.

அவ்வுருவம் நெடுங்காலம் நிற்கவில்லை. 1968-இல் அகற்றப்பெற்றுப் பழைய தர்பார் நிகழ்ந்த இடத்துப் பூங்காவுக்குச் சென்றது. மண்டபம் 54 ஆண்டுகள் வெறுமையாய் நின்றது. 1971-ஆம் ஆண்டுப் போரின் பின்னர், 1972 சனவரி 26-ஆம் நாள் வளைவின் அடியில் அமர் ஜவான் சோதி ஏற்றப்பெற்றது. கவிழ்த்து நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமும் பெயரறியா வீரன் ஒருவனைக் குறித்தன. பேரரசு எழுதிய பெயர்களை அழிக்காது, தன் வீரனையும் அதே நிழலில் விடுதலை இந்தியா வைத்தது. 2022 சனவரி 21-ஆம் நாள் அச்சுடர், அருகிலுள்ள தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு இணைக்கப்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் வெறுமண்டபத்தில் சுபாசு சந்திர போசின் சிலை திறக்கப்பெற்றது. பேரரசின் படையை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசியப் படையின் தலைவர், அப்பேரரசின் படையில் மாண்டோர் பெயர்களுக்கு அண்மையில் இன்று நிற்கின்றார்.

2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம், விடுதலைக்குப் பின் மாண்ட வீரர்க்கு உரியது. அதனை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் குழுவினர். அதன் வட்டச் சுவர்களில் வீரர் ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த தனிக் கருங்கல் உண்டு. ஒருவர்க்கு ஒரு கல் என்னும் இவ்வமைப்பு, நடுகல் மரபை நமக்கு நினைவூட்டுகின்றது.

சிலை, சுடர், வீதியின் பெயர் ஆகியவை ஆட்சியின் கருத்துக்கேற்ப மாறின. 1931 முதல் மாறாது நிற்பவை வளைவின் பெயர்களே. அவை ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டவை. பன்மொழி பேசிய மக்களின் பெயர்கள் அவ்வெழுத்துள் உருத்திரிந்து கிடக்கின்றன. கல்வெட்டைப் படியெடுத்துச் சொல்லின் மூலங்காணப் பயின்ற மாணவர்க்கு, அப்பெயர்களை அவ்வவற்றின் மொழிக்கு மீட்டளித்தல் உரிய பணியாகும். அப்பணி நிறைவுறுங்கால், அவ்வளைவு மீண்டும் இறந்தோர்க்கு எடுத்த கல்லாக விளங்கும்.