சுமையை இறக்கப்போவது யார்?

உலகில் மனிதன் செய்த தொழில்களுள் மிகப் பழமையானது எது என்று கேட்டால், சிலர் வேட்டை என்பர். சிலர் உழவு என்பர். ஆனால் வேட்டையாடியவனும் தன் இரையைச் சுமந்தே குடில் சேர்ந்தான். உழுதவனும் கதிர்க்கட்டைச் சுமந்தே களம் சேர்ந்தான். சுமத்தலின்றி எத்தொழிலும் முற்றுப்பெற்றதில்லை. எனினும், கோட்டை கட்டிய மன்னனின் பெயரைப் பொறித்து வைத்த சரித்திரம், அக்கோட்டைக்குக் கல் சுமந்தவனின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. அத்தகைய சுமைத்தொழிலைத்தான் இன்று தொழிற்சாலைகளில் 'ரோபோ' என்னும் யந்திரக் கை ஏற்று வருகிறது. பலகைத்தட்டின்மீது அடுக்கி வரும் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓடும் பட்டையின்மீது வைக்கிறது. அக்கை எங்ஙனம் பிறந்தது, எங்ஙனம் வளர்ந்தது, அதனால் உழைப்பாளிக்கு விளைவது யாது என்பனவற்றை அறிந்துகொள்வது, உழைத்து வாழும் மக்களாகிய நமக்கு இன்றியமையாததாகும்.

முதலில் அதன் பெயரைக் காண்போம். 'ரோபோ' என்பது செக் மொழியில் பிறந்த சொல். காரெல் சாப்பெக் என்னும் செக் எழுத்தாளர் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தில், மனிதனுக்காக உழைக்கவென்றே ஆக்கப்பட்ட செயற்கை உயிர்களுக்கு அப்பெயரைச் சூட்டினார். அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். 'ரோபோட்டா' என்றால், பண்ணையாள் தன் நிலப்பிரபுவுக்குச் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். ஆஸ்திரியப் பேரரசில் அக்கொடிய முறை 1848-இல் ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தது, சொல் மட்டும் எஞ்சி நின்று யந்திரத்தின்மீது ஏறிக்கொண்டது. நம்மவர்க்கு இது விந்தையான செய்தியன்று. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற சொல், மலாயாவில் உழைத்த மனிதனையே இழித்துரைக்கும் பெயராக வழங்கிற்று. இங்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நீக்கப்பட்ட பின்னரும், அவ்விழிபெயர் உடனே மறைந்ததா?

இனி, பலகைத்தட்டின் கதைக்கு வருவோம். 'பேலட்' எனப்படும் அத்தட்டு, அடியில் இடைவெளி விட்டு ஆணியடித்துச் சேர்த்த சில பலகைகளே. பார்ப்பதற்கு அற்பப் பொருள். ஆயினும், போர்க்லிப்ட் வண்டியின் இரு இரும்புக் கரங்கள் அவ்விடைவெளியில் நுழைந்தால், தட்டின்மீதுள்ள சரக்கு முழுவதையும் ஒரே தூக்கில் தூக்கிவிடும். 13,000 பெட்டி டப்பா உணவை ஒரு ரயில் பெட்டியிலிருந்து தனித்தனியாக இறக்குவதற்கு மூன்று நாட்கள் பிடித்தன என்றும், அதே சரக்கைத் தட்டுகளில் அடுக்கி அனுப்பியபோது நான்கே மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றும், 1931-இல் அமெரிக்க ரயில்வே தொழில் இதழொன்று எழுதிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தங்கள் தளவாடங்களைத் தட்டுகளில் ஏற்றிக் கடல் கடந்து அனுப்பின. போர் முடிந்தபின் அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. ஆனால், தட்டு தொழிற்சாலைக்குள் வந்து நின்றபின், அதிலுள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வேலை மட்டும் மனிதனையே சார்ந்திருந்தது. நூறு பெட்டிகளை இரும்பு ஒருங்கே சுமந்தது. அந்த நூறையும் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தது மனித முதுகு!

அம்முதுகுக்கு மாற்றாக வரக்கூடிய யந்திரத்தை முதலில் எண்ணியவர் ஜார்ஜ் டெவால் என்னும் அமெரிக்கர். அவர் 1954-இல் ஓர் உரிமைப் பட்டயத்துக்கு விண்ணப்பித்தார். 1961-இல் அது வழங்கப்பெற்றது. திட்டமிட்டபடி பொருள்களை இடம் மாற்றுதல் என்பதே அப்பட்டயத்தின் தலைப்பு. மனிதனைப்போல் பேசுவதோ நடப்பதோ அவருடைய நோக்கமன்று. எடுத்து வைப்பதே நோக்கம். ஜோசப் எங்கல்பர்கர் என்ற பொறியியலாளர் அவருடன் சேர்ந்து அதைத் தொழிலாக வளர்த்தார். 'யூனிமேட்' என்ற பெயருடன் பிறந்த அந்தக் கை, 1961-இல் நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் நகரின் அருகே, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றது. அச்சு யந்திரத்திலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பதே அதன் பணி. மனிதன் அதன் கையைப் பிடித்து ஒருமுறை வழி காட்டினால் போதும்; அவ்வழியைத் தன் காந்த உருளையில் பதித்துக்கொண்டு, இரவும் பகலும் அதையே செய்துகொண்டிருக்கும். சூடும் புகையும் நிறைந்த அவ்விடத்தில் யந்திரம் நின்றது நன்மையே என்பதில் ஐயமில்லை.

அப்படியானால், அதே கையைப் பலகைத்தட்டின் முன் நிறுத்தினால் என்ன? இங்குதான் பெருந்தடை எழுந்தது. யூனிமேட்டுக்குக் கை உண்டு, கண் இல்லை. அச்சு யந்திரம் வார்ப்பை எப்போதும் ஒரே இடத்தில் நீட்டும், குருடனும் எடுக்கலாம். தட்டின்மீதுள்ள பெட்டிகளோ அப்படியல்ல. லாரி குலுங்கினால் அடுக்கு சரியும். ஈரம் பட்டால் அட்டை தளரும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்றின் விளிம்பு எங்கே முடிகிறது, அடுத்ததன் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்காது. ஒரே அளவுள்ள புட்டிகளையும் பெட்டிகளையும் வரிசை வரிசையாக எடுக்கும் யந்திரங்கள் வந்தன. ஆனால் பலவகைப் பெட்டிகள் கலந்து வந்த தட்டின் முன் அவை திகைத்து நின்றன. ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்யப்பட்ட மூட்டைத் தொழிலாளி ஒரு பார்வையில் அறிந்ததை, யந்திரம் அறிய அரை நூற்றாண்டு பிடித்தது! சுமைத்தொழிலுக்கு அறிவு வேண்டுவதில்லை என்று சொல்லித் திரிந்தோர்க்கு இதைவிடச் சிறந்த விடை வேறென்ன வேண்டும்?

அந்தக் கண் இந்த நூற்றாண்டில்தான் திறந்தது. 2010-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விளையாட்டுக்காக விற்ற 'கினெக்ட்' என்னும் கருவி, தன் முன்னுள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் அளந்து கூறிற்று. விலை மலிந்த அக்கருவியை ஆராய்ச்சியாளர் ரோபோவுக்குப் பொருத்திப் பார்த்தனர். 2015-இல் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் நடத்திய பொறுக்கும் போட்டியில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் குழு, அலமாரியிலிருந்து 12 பொருள்களில் 10-ஐ எடுத்து முதலிடம் பெற்றது. அதற்கு அவர்கள் காற்று உறிஞ்சும் குழாயையே கையாகக் கொண்டனர். 20 நிமிடத்தில் 10 பொருள்! குழந்தை சிரிக்கும் வேகந்தான். ஆயினும், ஆறே ஆண்டுகளில், 2021-இல், பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 'ஸ்ட்ரெச்' என்னும் யந்திரத்தை வெளியிட்டு, 23 கிலோ வரையுள்ள பெட்டிகளை மணிக்கு 800 வரை எடுக்கவல்லது என்று அறிவித்தது.

அந்த 23 கிலோவைச் சற்றுக் கவனியுங்கள். மிகச் சாதகமான நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எல்லை ஏறத்தாழ 23 கிலோ என்று, அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1991-இல் திருத்தி வகுத்த கணக்கு கூறுகிறது. 1967-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், வளர்ந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்ற கருத்தில் பரிந்துரை செய்திருந்தது. முதுகெலும்பு தேய்ந்து, நாற்பது வயதிலேயே கிழவராகிப் போனோர் எத்தனை பேர்! அவர்தம் பாரத்தை இரும்பு ஏற்குமாயின், அதனை எதிர்ப்பது அறிவுடைமையாகாது.

ஆனால், யந்திரம் பாரத்தை எடுக்கும்போது சோற்றையும் சேர்த்து எடுக்குமா என்பதே கேள்வி. இதற்குச் சரித்திரம் இரு விடைகளைத் தருகிறது. ஒஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலையில் யூனிமேட்டுகள் பற்றவைப்பு வேலையை ஏற்றன. தொழிலாளர்க்கு ஓய்வு கிடைத்ததா? இல்லை. வரிசையின் வேகம் மணிக்குச் சுமார் 100 கார் என்று ஏறிற்று. ஒருவன் தன் வேலையை முடிக்கக் கிடைத்தது 36 வினாடி! யந்திரம் மனிதனுக்குத் துணையாக வரவில்லை. மனிதன் யந்திரத்துக்கு ஈடுகொடுத்து ஓடவேண்டியதாயிற்று. 1972 மார்ச்சில் அங்கு வேலைநிறுத்தம் வெடித்து மூன்று வாரம் நீடித்தது.

இதற்கு முன்னரே, 1960-இல், அமெரிக்க மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் வேறு வழியைக் கண்டிருந்தது. அதன் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், யந்திரம் வரட்டும், அதன் இலாபத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்னும் நிலையில் நின்று பேசினார். முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் 2 கோடியே 90 லட்சம் டாலர் நிதி தருவதென்றும், பதிவுபெற்ற முழு உறுப்பினரை வேலையினின்று நீக்குவதில்லை என்றும் ஒப்பந்தமாயிற்று. நெடுநாள் உழைத்து ஓய்வு பெறுவோர்க்குத் தனித் தொகையும் கிடைத்தது. முழு உறுப்பினரல்லாத புதியோர்க்கு அந்நிதியில் இடமில்லாமற்போனது அதன் பெருங்குறை. குறையிருப்பினும், அங்கு யந்திரம் துறைமுகத்தில் கால் வைப்பதற்கு முன்பே நிபந்தனை எழுதப்பட்டது. லார்ட்ஸ்டவுனிலோ, யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னரே கூக்குரல் எழுந்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தோழர்களே! யந்திரத்துக்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. எடு என்றால் எடுக்கும். வை என்றால் வைக்கும். ஆகவே, அதன்மீது கோபங்கொள்வதாலும் பயனில்லை, அதனைக் கண்டு மயங்குவதாலும் பயனில்லை. யந்திரக் கை வாயிலுக்கு வரும் முன்பே தொழிலாளர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பெட்டி தூக்கியவனுக்கு அந்த யந்திரத்தை நடத்தும் பயிற்சி தருவீர்களா? வேகத்தை முடிவு செய்வது யார்? மிச்சமாகும் பணத்தில் முதுகு தேய்ந்தவனுக்கு என்ன பங்கு? நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும், நாட்கூலிக்கு வந்தவனும் அக்கணக்கில் சேர்வார்களா? இவற்றுக்கு விடை எழுத்தில் கிடைக்குமாயின், 'ரோபோட்டா' என்னும் கட்டாய உழைப்பு இரும்புக்கு மட்டுமே உரியதாகும். கிடைக்காவிடில், தோளிலிருந்து இறங்கிய சுமை வயிற்றின்மீது ஏறி அமரும்.