சொல்லிக்கொடுக்கும் மாணவர்கள்

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் இருக்கிறது பெரியதாழை. கட்டுமரமும் வள்ளமும் ஓடிய ஊர். முத்துக்குளித்துறை என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் கடற்கரையின் தென்பகுதி. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இந்தக் கரை ஒரு காலத்தில் எப்படித் தவித்தது என்பதை பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் படிக்கலாம். 1530களில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபங்களைக் கற்றுத்தர ஊர்களில் யாரும் இல்லை. 1542இல் கோவாவிலிருந்து வந்த சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. கோவாவில் படித்த இந்தக் கரை இளைஞர்கள் மூவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வந்தார்.

இரண்டு மொழியும் அறிந்தவர்களைத் திரட்டி, பலமுறை கூடி உட்கார்ந்து, செபங்களைத் தமிழில் கொண்டுவந்தார். பிறகு அவற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். ஒரு மாதம், தினம் இரண்டு வேளை பாடம். அந்தப் பாடத்தோடு ஒரு கட்டளையும் இருந்தது: பிள்ளைகள் பள்ளியில் கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும். நோயாளிகளின் வீட்டிலிருந்து அழைப்பு வந்து, தன்னால் போக முடியாதபோது, செபம் தெரிந்த சிறுவர்களையே அனுப்பிவைத்தார். ஒரே ஆள் நீண்ட கரை முழுவதையும் சமாளிக்க இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவர் ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது செபங்களின் பிரதியை விட்டுப்போவார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கற்பித்தலைத் தொடர கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம்? போர்ச்சுக்கல் ராணி கத்தரீனின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொகையைக் கற்பிப்பவர்களுக்குத் தரும்படி சவேரியார் ராணிக்கு எழுதிக் கேட்டார், பணம் கிடைத்தது. கற்றுத்தரும் வேலைக்குக் கூலி உண்டு என்பதை அவர் மறக்கவில்லை. பின்னால் வந்த பல பெரிய கல்விச் சீர்திருத்தக்காரர்கள் இதை மறந்தார்கள்.

கற்றவரே மற்றவருக்குக் கற்பிக்கும் இந்த வழி இன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கணினி அறிவியல் துறைகளில் இளநிலை மாணவர்களே டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை பார்க்கிறார்கள். சுருக்கமாக டி.ஏ. போன பருவத்தில் ஒரு பாடத்தை முடித்த இரண்டாம் ஆண்டு மாணவி, இந்தப் பருவத்தில் அதே பாடத்துக்கு லேப்பில் நிற்கிறாள், சந்தேகம் தீர்க்கிறாள், புரோகிராம்களைத் திருத்துகிறாள். அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கை நாம் போதுமான அளவு பேசியதில்லை.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இல்லாமல் எதுவும் நடக்காது. மணலில் விரலால் எழுத்துப் பழகும் சிறுவனுக்குக் கைபிடித்துக் கொடுப்பது, முறை சொல்ல வைப்பது, எண்சுவடி ஒப்பிக்கக் கேட்பது எல்லாம் அவன் பொறுப்பு. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் திண்ணைப் பள்ளி நாட்களைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தையும் சேர்த்தே சொல்கிறார். வாத்தியாருக்குப் பயந்ததைவிடப் பிள்ளைகள் அவனுக்குப் பயந்தார்கள். இது இந்த முறையின் மறுபக்கம். அறிவு கூடியவனிடம் பிரம்பையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் திண்ணைகள் நன்றாகவே பார்த்திருக்கின்றன.

1623இல் இன்றைய கர்நாடகத்தின் இக்கேரிக்குப் போன இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வாலே, ஒரு கோயில் முகப்பில் சிறுவர்கள் நான்கு பேர் ஆசிரியர் இல்லாமலே மணலில் எழுதி, ராகம்போட்டுக் கணக்கு படித்ததைப் பார்த்து வியந்தார். 200 ஆண்டுகள் கழித்து, மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ கல்வி நிலையை விசாரித்தபோது, பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையும் இதே பழக்கத்தைப் பாராட்டியது. தேர்ந்த மாணவன் தேராதவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் அறிவையும் உறுதிசெய்துகொள்கிறான் என்று அவர் எழுதினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை எழும்பூரில் தொடங்குகிறது. படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காக அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய விடுதிப் பள்ளிக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் கண்காணிப்பாளர் ஆனார். ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். பையன்களில் பலருக்குத் தாய்மார் இந்தியப் பெண்கள். இருந்த ஆசிரியர்களுக்கோ வேலையில் ஆர்வமில்லை. ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார் பெல். திரும்பி வந்து தன் பள்ளியிலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். கடைநிலை வகுப்பின் ஆசிரியர் இது நடக்காத காரியம் என்றார். பெல் மேல்வகுப்பிலிருந்து எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சாதாரணச் சிப்பாயின் மகன் செய்துகாட்டினான். கொஞ்சக் காலத்தில் பள்ளி முழுவதுமே மாணவர்கள் கையில் நடந்தது.

1796இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. மணலை எங்கே கண்டார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மாணவனே ஆசிரியன் என்பதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே சொல்லிவந்தார். அவரை வேலைக்கு வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் போதனை முறையைத்தான் முன்பு மதராஸில் இருந்த பெல் வழியாக இங்கிலாந்து எடுத்துக்கொண்டது என்று 1814இல் அனுப்பிய கடிதத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெரியதாழையிலும் தஞ்சையிலும் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவர்களின் வாரிசுகளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயர் பரவிய வேகத்தில் முறையின் உயிர் போனது. லண்டன் பரோ ரோட்டில் ஜோசப் லங்காஸ்டர் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, ஓர் ஆசிரியரையும் மானிட்டர் எனப்பட்ட மூத்த மாணவர்கள் பலரையும் கொண்டு பள்ளி நடத்தினார். செலவு மிகக் குறைவு. அதுதான் அரசியல்வாதிகளுக்கும் தருமவான்களுக்கும் இனித்தது. குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனையும் அங்கே இருந்தது. காலையில் ஆசிரியர் சொன்னதை மானிட்டர் பகலில் திருப்பிச் சொன்னான். பிள்ளை வேறு ஏதாவது கேட்டால் அவனிடம் பதில் கிடையாது. அவனுக்கு யாரும் கற்பிக்கக் கற்றுத்தரவில்லை. கூலியும் பெரிதாக இல்லை.

இங்கிலாந்து 1846இல் பாடம் கற்றது. 13 வயதில் சேர்ந்து ஐந்து ஆண்டு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் அந்த ஆண்டு வந்தது. ஆண்டுக்கு 10 பவுனில் தொடங்கி 20 பவுன்வரை உயரும் உதவித்தொகை. பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியரே தினமும் ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். மலிவு என்று தொடங்கிய ஏற்பாட்டுக்கு உண்மையான விலை என்ன என்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் அந்த நாட்டுக்குப் புரிந்தது.

கணினித் துறைகளுக்கும் முதலில் வந்த நெருக்கடி ஆள் பற்றாக்குறைதான். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1965இல் சேர்ந்த ஆண்ட்ரீஸ் வான் டாம், தொடக்கத்திலிருந்தே இளநிலை மாணவர்களை உதவிக்கு வைத்துக்கொண்டார். பாடம் புதிது, அதை அறிந்த முதுநிலை மாணவர்களே குறைவு. ஸ்டான்ஃபோர்டு 1988இல் இதை முறையான அமைப்பாக்கியது. அங்கே தேர்வாகும் மாணவர் முதல் பருவத்தில் கற்பித்தல் பற்றியே ஒரு பாடம் படித்தாக வேண்டும். ஒரு சிறு குழு அவர் பொறுப்பு. வாரம் ஒருமுறை வகுப்பு. புரோகிராமைத் திருத்தும்போதும் மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்புவதில்லை. எழுதிய மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் பேசுகிறார்.

கணினிப் பாடத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? சி மொழியில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் முழு புரோகிராமும் நிற்கிறது. தவறு எங்கே என்று திரை காட்டும் செய்தி, முதலாண்டு மாணவருக்குத் தவறைவிடப் பெரிய புதிர். இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர் அந்தப் புதிரை மறந்திருப்பார். ஆறு மாதத்துக்கு முன் அதே இடத்தில் முட்டிக்கொண்டவருக்கு அது நன்றாக நினைவிருக்கும். கேட்பவருக்கும் கூச்சம் குறைவு. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற பார்வைக்குப் பயந்து வாய்மூடி இருக்கும் பிள்ளைகள், தங்களைவிட ஒரு வயது மூத்த அக்காவிடம் கேட்டுவிடுவார்கள். தங்கள் ஊரிலிருந்து முதல்முறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் பீச்சும் மெஹ்ரான் சஹாமியும் தங்கள் முதல் நிலை நிரலாக்கப் பாடத்தை இலவசமாக இணையத்தில் திறந்தார்கள். சுமார் 10,000 பேர் படித்தார்கள். சிறு குழுக்களை நடத்த 900க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து சேர்ந்தார்கள். காணொளி எத்தனை இருந்தாலும், தடுமாறும்போது பேச ஒரு மனிதர் வேண்டும் என்று நம்பி அமைத்த ஏற்பாடு இது.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தது, 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. இத்தகைய நிறுவனங்களில் உதவித்தொகை பெறும் முதுநிலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களுமே டி.ஏ. ஆனார்கள். ஆய்வு மாணவர்கள் அதிகம் இல்லாத கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அந்த வழியும் இல்லை. அங்கே லேப்பில் ஓர் ஆசிரியர், ஒரு லேப் அசிஸ்டன்ட், முப்பது நாற்பது மாணவர்கள். முதலில் அவுட்புட் வரவழைத்த பெண் எழுந்து அடுத்த கணினிக்குப் போகிறாள், பிறகு அதற்கடுத்த கணினிக்கு. ரெக்கார்டு நோட்டில் அவள் செய்த உதவிக்கு இடமில்லை. கால அட்டவணையிலும் இல்லை. எத்தனையோ கல்லூரிகளில் ஒரு பருவத்தின் பாதிப் பாடத்தை இப்படிப்பட்டவர்கள்தான் சுமந்திருக்கிறார்கள். சிறு ஊர்களின் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் போன பேட்ச்சில் படித்து முடித்தவர்களே இந்த பேட்ச்சுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் மாணவர் எண்ணிக்கை விரைவில் ஆயிரக்கணக்கில் ஏறியது. பேராசிரியர்களை மட்டும் வைத்து அதை நடத்த முடியாது. மேல்நிலைக்குப் போன மாணவர்களே கீழ்நிலைப் பாடங்களுக்கு டி.ஏ. ஆனார்கள். அடித்தளப் பாடத்தில் சேரும் ஒருவர், நன்றாகப் படித்தால், சில பருவங்களில் அதே பாடத்தின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு வரலாம்.

தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் இதைச் செய்ய பெரிய பணம் தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் நான்கைந்து மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, விடையைச் சொல்லாமல் தவறைக் கண்டுபிடிக்க வைப்பது எப்படி என்று சில வாரம் பயிற்சி கொடுக்கலாம். கால அட்டவணையின் லேப் நேரத்தில் அவர்கள் பெயரை எழுதி, அதற்கு ஒரு கிரெடிட்டும் சிறிய உதவித்தொகையும் ஒதுக்கலாம். மதிப்பெண் போடும் அதிகாரம் ஆசிரியரிடமே இருக்கட்டும். சட்டாம்பிள்ளையின் பிரம்பு திரும்பி வரவேண்டாம். தொகை சிறியதாக இருந்தாலும் மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும்.