பிரைட்டன் மேற்குக் கடற்பாலம்

மேற்குக் கடற்பாலம் என்பது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் அமைந்திருந்த ஓர் உலாவுப் பாலம் ஆகும். கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 340 மீட்டர் நீண்டிருந்த இதன் இரும்பு எலும்புக்கூடு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

வரலாறு

பொறியாளர் யூஜீனியஸ் பர்ச் இதனை வடிவமைத்தார். கட்டுமானம் 1863 இல் தொடங்கியது. அக்டோபர் 6, 1866 அன்று பாலம் திறக்கப்பட்டது. வார்ப்பிரும்புத் தூண்களின் அடியில் திருகு போன்ற தகடுகள் பொருத்தப்பட்டு, அவை கடற்படுகைக்குள் முறுக்கி இறக்கப்பட்டன. அடித்து இறக்கும் தூண்களை விட இவை மணற்பாங்கான படுகையில் உறுதியாக நின்றன. பாலத்தின் மேலிருந்த சிறு மண்டபங்களில், அந்நகரிலுள்ள அரச மாளிகையின் கீழைத்தேயப் பாணியின் சாயல் காணப்பட்டது.

தொடக்கத்தில் இது நடந்து காற்று வாங்குவதற்கான இடமாகவே இருந்தது. 1893 இல் பாலத்தின் முனை அகலப்படுத்தப்பட்டு அங்கு ஓர் அரங்கம் எழுந்தது. 1916 இல் இசையரங்கம் கட்டப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்த 1918-19 காலப்பகுதியில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இங்கு வந்தனர். இரண்டாம் உலகப்போரின்போது எதிரிப்படைகள் கரையிறங்கப் பயன்படுத்தக் கூடும் என அஞ்சிப் பாலத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்டது.

மூடலும் அழிவும்

போருக்குப் பின் வருவாய் குறைந்தது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக்கு ஓயாத பராமரிப்பு தேவை. அதற்கான பணம் இல்லை. 1970 இல் கடல் முனையும் 1975 இல் பாலம் முழுவதும் மூடப்பட்டன. மூடப்பட்ட பின்னரே, 1982 இல், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கான முதல் தரத் தகுதி இதற்குக் கிடைத்தது. 1983 இல் ஓர் அறக்கட்டளை இதனை 100 பவுண்டுக்கு வாங்கியது.

1998 இல் தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து சீரமைப்புக்கு உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால், பொதுப்பணத்தில் தங்களுக்குப் போட்டி உருவாக்கப்படுவதாக அண்மையிலிருந்த அரண்மனைக் கடற்பாலத்தின் உரிமையாளர்கள் எதிர்த்தனர். பணிகள் தாமதமாயின. கடல் காத்திருக்கவில்லை. டிசம்பர் 29, 2002 அன்று பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2003 மார்ச் 28 அன்று முனையிலிருந்த அரங்கமும் மே 11 அன்று இசையரங்கமும் எரிந்தன. இவை திட்டமிட்ட தீவைப்பு எனச் சந்தேகிக்கப்பட்டது. 2004 இல் நிதியுதவி விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில், பாலம் மீட்க இயலாத நிலையில் உள்ளதாக மரபுரிமை அமைப்பு அறிவித்தது.

கரையோரம் எஞ்சியிருந்த பகுதி 2010 இல் அகற்றப்பட்டது. 2014 பெப்ரவரியில் வீசிய புயலில் எலும்புக்கூடும் இரண்டாகப் பிளந்தது. பாலம் கரையைத் தொட்ட இடத்தில் 162 மீட்டர் உயரமுள்ள காட்சிக் கோபுரம் 2016 இல் திறக்கப்பட்டது. குளிர்கால மாலைகளில் மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் பெருங்கூட்டமாக வட்டமிட்டு இவ்விரும்புச் சட்டங்களில் அடைகின்றன.