செகாம் கேசட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

2004-ல் எங்கள் வீட்டில் கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பத்து நாள் விவாதம் நடந்தது. கையில் இருந்தது 5,000 ரூபாய். மகனுக்கு விளையாட வேண்டும். எனக்கு ஒரு வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

அது பிரான்சில் இருக்கும் அக்கா அனுப்பியது. 1989-ல் அம்மா அங்கே போயிருந்தபோது அத்தான் எடுத்தது. அம்மா நடந்து, பேசி, சிரிக்கிற படம் அது ஒன்றுதான். புதுச்சேரியில் எங்கள் டெக்கில் போட்டால் படம் ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையாக.

காரணம் 1967-ல் இருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனி ‘பால்’ முறையில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்டோபர் 1-ல் பிரான்ஸ் தன் சொந்த ‘செகாம்’ முறையில் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்தவர் பெயர் ஆன்ரி த பிரான்ஸ். பெயரே அப்படித்தான்! ஜெனரல் தெகோல் காலத்து பிரான்சுக்கு அடுத்தவர் முறை ஆகுமா? சோவியத் நாட்டையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். செகாம் என்பதில் கடைசி எழுத்து ‘மெமுவார்’, அதாவது நினைவு. நிறத்துக்கான இரண்டு குறிகளில் ஒரு வரிக்கு ஒன்றைத்தான் அனுப்புவார்கள். முந்தைய வரியில் வந்ததைப் பெட்டி நினைவில் வைத்துச் சேர்த்துக்கொள்ளும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது வண்ணத்துக்கு வந்த இந்தியா எடுத்துக்கொண்டது பால் முறையை. இரண்டிலும் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அதனால்தான் படம் வரும், நிறம் வராது.

இனி கார்டு. வீடியோ பிடிப்பது ஒரு வேலை, விளையாட்டுக்குப் படம் வரைவது வேறு வேலை. இரண்டையும் ஒரே அட்டையில் வைத்து, கனடாவின் ஏடிஐ 1996-ல் ‘ஆல்-இன்-ஒண்டர்’ கொண்டுவந்தது. அதே வருடம் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூவோ முப்பரிமாணம் மட்டும்தான் வரையும். சாதாரணத் திரைக்குப் பக்கத்தில் இன்னொரு கார்டு வேண்டும். 2004-ல் ஆல்-இன்-ஒண்டர் எங்கள் கைக்கு எட்டவில்லை.

மகன் சொன்னான்: “அப்பா, தனித்தனியா வாங்குவோம்.” கடையில் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் இருந்தது. நாலாம் நம்பர், புதுசுதானே என்றேன். பெயரில்தான் நாலு, உள்ளே பழைய ஜிஃபோர்ஸ்2-வின் வழிவந்த சிப், புது ஷேடர் வசதி கிடையாது என்றான். அவன் ஆசைப்பட்ட ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ அதில் ஓடாது. ரேடியான் 9200 எடுத்தோம். மிச்சப் பணத்தில், பிடி878 சிப் உள்ள ஒரு மலிவான டிவி டியூனர் கார்டு. பால், செகாம், என்டிஎஸ்சி மூன்றையும் படிக்கும் சிப் அது. அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பின் மேலட்டையை நம்பாமல் உள்தாளைப் பார்த்தவன், கடையில் மட்டும் பெட்டியைப் பார்த்து ஏமாறப் போனேன்.

செகாம் படிக்கிற டெக்கும் வேண்டுமே. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக்கை இரவல் கொடுத்தார்.

சுருக்காமல் பதிந்தால் நொடிக்கு 20 மெகாபைட் போகும், மணிக்கு 70 ஜிபிக்கு மேல். எங்கள் டிஸ்க் மொத்தமே 40 ஜிபி. சுருக்கிப் பதியும்படி வைத்து ஓடவிட்டோம். மறுபடியும் கறுப்பு வெள்ளை! மகன் மெனுவைத் திறந்து பாலை செகாமாக மாற்றினான்.

அம்மாவின் புடவை அரக்கு என்றே பதினைந்து வருடமாக நினைத்திருந்தேன். பச்சை.