குழாயடிச் சண்டை: ஒரு சொல்லின் கதை

தொலைக்காட்சி விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் 'குழாயடிச் சண்டை' என்கிறோம். சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தாலும் அதே சொல்தான். அற்பக் காரணத்துக்கு அநாகரிகமாகச் சண்டை போடுவது என்று பொருள் கொள்கிறோம்.

சண்டைக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. 'பூசல்' சங்க இலக்கியத்திலேயே உண்டு. 'தகராறு' அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அதன் மூலப்பொருள் 'திரும்பத் திரும்பச் சொல்வது'. சண்டையில் வேறென்ன செய்கிறோம்! குழாயடிச் சண்டைக்கு அத்தனை வயதில்லை. தெருக்குழாய் வந்த பிறகுதான் இந்தச் சொல் பிறந்திருக்க முடியும்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1772-இல் ஏழுகிணறு அமைந்தது கோட்டையின் தேவைக்கு. ஊர் மக்களுக்குக் கிணறும் குளமும்தான். செங்குன்றம் ஏரி நீர் நகருக்குள் வந்தது 1872-இல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் வந்தது. தெருமுனைக் குழாய்களும் பெருகின.

கிணற்றில் எந்நேரமும் இறைக்கலாம். குழாயில் குறித்த நேரம்தான் தண்ணீர் வரும். எப்போது நிற்கும் என்று தெரியாது. விடியுமுன்னே குடத்தையோ, குடத்துக்குப் பதில் ஒரு கல்லையோ வரிசையில் வைத்து இடம் பிடிக்க வேண்டும். ஒருவர் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தால் கடைசியில் நிற்பவர் வீட்டில் அன்று உலை ஏறாது. சண்டை வராமல் என்ன செய்யும்?

தண்ணீர் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குள் குழாய் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டது, காரணம் தெரியவில்லை. அதனால் தண்ணீர்ப் பற்றாக்குறைக்குப் பெயர் வைக்காமல், சண்டைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. அந்தக் கோடையில் லாரிக்குக் காத்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு குடம் தண்ணீர் அற்ப விஷயமா என்று.

வெட்டிக் கூச்சலுக்கு நாம் வேறு சொல் தேடுவோம். குழாயடியில் சண்டை போட்டவர்களுக்குக் காரணம் இருந்தது.

உங்கள் ஊரில் வீண் சண்டைக்கு என்ன சொல்வார்கள்? கீழே எழுதுங்கள்.